உச்சி வெயிலில் ஓர் இரவு உலா

மே மாதத்து டெல்லியில் மத்தியானம் ஒரு மணிக்குப் புத்தியுள்ள யாரும் வாசல் கதவைத் திறக்க மாட்டார்கள். தெருநாய்கள்கூட நிறுத்தி வைத்த கார்களுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் என் கணவரும் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, ஒரு குடை, இரண்டு தண்ணீர் பாட்டில், முழுக்க சார்ஜ் ஏற்றிய ஒரு போன் சகிதமாக, கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்பின் மாடிப்படியை விட்டு இறங்கினோம். கீழ்வீட்டு அம்மாள் கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்த வெயிலில் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று இந்தியில் கேட்டாள். "நைட் லைஃப் பார்க்க" என்றார் என் கணவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது, அவர் சொன்னது உண்மைதானே.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகளுக்குப் பிப்ரவரி மாதம் வேலை கிடைத்து, உலக உருண்டையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஒரு துறைமுக ஊருக்குப் போனாள். அந்த ஊர்ப் பெயர் இன்றைக்கும் என் வாயில் ஒழுங்காக நுழைவதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். சின்ன ஊர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே கிடைத்த இடத்தில் மனிதர்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரைக்கும் நடந்தே பார்த்துவிடலாமாம். மூன்று மாதமாகியும் என் மகள் அதில் இரண்டே இடங்களைத்தான் பார்த்திருந்தாள். ஒன்று ஆபீஸ், இன்னொன்று அவளுடைய அறை.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அங்கே குளிர்காலம் தொடங்கிவிடுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. இருட்டியதும் அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். அப்புறம் அவளுக்கு ஒரே வேலை, எனக்குப் போன் போடுவது. நான் ஒரு அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். அவளுடைய ராத்திரி என்னுடைய ஆபீஸ் நேரம். ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு மேலதிகாரியின் அறை வாசலில் நிற்கும்போது போன் அடிக்கும். "ம்மா, என்ன பண்றே? என்ன சாப்ட்டே? இன்னிக்கு கேண்டீன்ல ராஜ்மாவா?" கேண்டீன் ராஜ்மாவைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற பெண்ணுக்கு மனசு சரியில்லை என்பது பெற்றவளுக்குத் தெரியாதா என்ன.

மே மாதம் பிறந்ததும் ஒருநாள் சொன்னாள்: "ம்மா, மாசக் கடைசில டிக்கெட் போட்டு வந்துரட்டா?"

வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் வந்தால் எனக்குக் கசக்குமா? அவளுடைய கட்டில் விரிப்பை மாற்றலாம் என்று அந்த நிமிஷமே கை பரபரத்தது. ஆனால் அந்த வேலைக்காக அவள் இரண்டு வருஷம் ராப்பகலாகப் படித்தாள். வேலை பிடிக்கவில்லை என்று வந்தால் பரவாயில்லை. வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இருட்டுக்குப் பயந்து திரும்பி வந்தால், பிறகு ஆயுசுக்கும் தன்னைப் பற்றி அப்படியே நினைத்துக்கொள்வாள்.

அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்ததும் நாங்கள்தான். டெல்லியில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் செய்வதுதான், இதில் எங்களுக்கென்று தனிப் பெருமை ஒன்றுமில்லை. டியூஷன் விட்டால் மந்திர் மார்க் முனையில் அப்பா ஸ்கூட்டரோடு நிற்பார். மெட்ரோவில் ஏறினால் ஒரு போன், இறங்கினால் ஒரு போன், ஆட்டோ பிடித்தால் அதன் நம்பரை அனுப்ப வேண்டும். தோழி முனிர்காவில்தான் இருக்கிறாள், போய்விட்டு எட்டு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சுவாள். தோழியை இங்கே வரச் சொல் என்போம். இருபத்து நாலு வயசு வரைக்கும் இப்படி வளர்த்துவிட்டு, விமானத்தில் ஏற்றும்போது மட்டும் "தைரியமா இருட்டி" என்றால் எங்கிருந்து வரும் தைரியம்? அந்த ஊரில் கிழவிகள் ராத்திரியில் நாயைப் பிடித்துக்கொண்டு தனியாக உலாத்துகிறார்களாம். இவள் ஜன்னல் திரையை விலக்கி அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண் ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். அந்த ஊர் நகராட்சியே செய்து வைத்திருப்பது. வழிகாட்டி கிடையாது, டிக்கெட் கிடையாது. போனில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டால் ஒரு குரல் இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று சொல்லும், நாமே நடந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். துறைமுகத்தின் இரவு வாழ்க்கை, மொத்தம் ஏழு இடங்கள்.

"போய்ட்டு வாயேன்" என்றேன்.

"தனியாவா? பாகல் ஆயிட்டியாம்மா?" என்றாள், பைத்தியமா உனக்கு என்பதை இந்தி கலந்து.

"நானும் வாரேன்."

"நீ எப்படி வருவே?"

"போன்லதான். நீ அங்க நட, நான் இங்க நடக்குதேன். ஒனக்கு ஏழு எடம்னா எனக்கும் ஏழு எடம்."

சும்மா அவளைச் சிரிக்க வைக்கச் சொன்னது. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், வாயில் வருவதைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் யோசிப்போம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் அதை விடவில்லை. அவர் ஜனவரியில்தான் சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றார். அன்று முதல் அவருக்கு நகர்த்துவதற்கு ஒரு ஃபைல் இல்லை. போன வாரம் முழுக்க சமையலறை டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். துவரம்பருப்பு எது என்று தெரிந்துகொள்ள நான் அவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. இப்படி இருந்த மனுஷனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் டூர் புரோகிராம் தயார். அந்த ஊரில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் இங்கே ஓர் இணையான இடம். எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து கன்னாட் பிளேஸ் போகிற வழியில். முதல் இடமே தகராறு. அங்கே முதல் இடம் துறைமுகம், டெல்லியில் துறைமுகத்துக்கு எங்கே போவது?

"யமுனா இருக்குல்லா" என்றேன்.

"அந்தத் தண்ணியப் பாத்தான்னா புள்ள டிக்கெட்ட இன்னைக்கே போட்ருவா" என்றார். ரொம்ப நேரம் யோசித்து, பக்கத்துச் சீக்கியக் கோவிலான குருத்வாராவின் திருக்குளத்தைத் துறைமுகமாக அறிவித்தார். பெரிய குளம், மீனும் உண்டு. தகுதி வாய்ந்த அதிகாரி என்ற முறையில் நான் ஒப்புதல் கொடுத்தேன்.

சனிக்கிழமை அங்கே இரவு ஏழரை மணி ஆனபோது போன் போட்டோம். முகத்தை வீடியோவில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பிள்ளை கிளம்பவில்லை. கோட்டு போட்டிருந்தாள், தலையில் கம்பளிக் குல்லாய் இருந்தது, ஆனால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ம்மா, வெளிய காத்து ஜாஸ்தியா இருக்கு. நாளைக்குப் போலாமா?"

நான் போனைக் கீழே திருப்பிக் காட்டினேன். அப்பா படியில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முதுகு வலிக்காரர். ஒரு காலை முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த காலுக்குப் போனார். வழுக்கையில் வியர்வை.

"அப்பா உண்மையிலேயே வர்றாரா?"

"ஷூ போட்டாச்சி. இனி கழத்தச் சொன்னா யாரு கேக்கது?"

அப்புறம் அவள் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. படியில் பாதி இறங்கி, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்ப ஏறினாள். மறுபடி இறங்கித் தெருவாசலில் நின்றாள். "ம்மா, லைன்ல இரு. கட் பண்ணாதே." நான் கட் பண்ணுவேனா? வெளியே காலெடுத்து வைத்தாள். காற்று போனுக்குள் புகுந்து எங்கள் காதைக் கிழித்தது. இங்கே அனல், அங்கே வாடை, இரண்டுக்கும் நடுவே நாங்கள் மூவரும் ஒன்றாக நடக்க ஆரம்பித்தோம்.

குருத்வாராவில் தலையை மூட வேண்டும் என்பதால் அவர் ஆரஞ்சுத் துணி கட்டிக்கொண்டார், நான் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன். அவள் குளிருக்காகக் குல்லாய் போட்டிருந்தாள். செருப்பு வைக்கிற இடத்திலிருந்து குளம் வரைக்கும் பளிங்குத் தரை கொதித்தது. ஈரச் சாக்கு விரித்த இடமாகப் பார்த்து மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு போனோம். அவள் தன் துறைமுகத்தைக் காட்டினாள். ஒரே கறுப்பு, நடுவில் நாலைந்து விளக்கு ஆடியது.

"எங்க துறைமுகத்துல மீனு தெரியுது பாரு. ஒன் துறைமுகத்துல ஒண்ணையும் காணுமே" என்றார் என் கணவர், அந்தக் குளத்தை அவரே வெட்டினவர் மாதிரி.

"ப்பா, இங்க ராத்திரிப்பா."

"அது ஒங்க நிர்வாகக் குறைபாடு."

சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் வயிறு குலுங்கச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அங்கே தொண்டு செய்கிற ஒரு சேவாதார் வந்து, போனைக் கொஞ்சம் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று மரியாதையாகச் சொன்னார். வெளியே வந்தோம்.

இரண்டாவது இடம், அங்கே பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்று, இப்போது பீர்க் கடை. வாசலில் போய் நின்றுவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஜனக்கூட்டம். "எல்லாரும் யாரோடயாவது வந்திருக்காங்கம்மா" என்றாள்.

"நீயும் அம்மை அப்பனோடதான் வந்திருக்க. உள்ள போ. ஆப்பிள் ஜூஸ் இருக்கான்னு கேளு."

இருந்தது. எங்கள் பீர்க் கடை, குருத்வாராவுக்கு வெளியே நின்ற கோலி சோடா வண்டி. டெல்லியில் அதை பண்ட்டா என்பார்கள். கோலியை அமுக்கியதும் பொங்குகிற பொங்கலில் பீர் தோற்றுப்போகும். என் கணவர் கிளாஸைப் போன் மேல் இடித்துச் சியர்ஸ் சொன்னார். வண்டிக்காரர் யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டார். "பேட்டி ஹை பையா. உதர் ராத் ஹை" என்றார் இவர், மகள்தான் தம்பி, அங்கே ராத்திரி என்று. வண்டிக்காரர் அண்ணாந்து சூரியனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவர் கிளாஸில் இன்னும் கொஞ்சம் கறுப்பு உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொடுத்தார். வெயில் அடித்து மூளை கலங்கியவர்களுக்கு அவர் வழக்கமாகக் கொடுக்கிற வைத்தியம் போலிருக்கிறது.

மூன்றாவது, அங்கே துறைமுக ஓரத்து இரவுச் சந்தை. இங்கே அனுமார் கோவில் வாசல். வளையல் கடைகளும் மருதாணி போடுகிற பெண்களும் அங்கே எந்த வெயிலுக்கும் அசைய மாட்டார்கள். நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன். ஒருத்தி என் வலது கையைப் பிடித்தாள், இன்னொருத்தி இடது கையைப் பிடித்தாள். நான்தான் முதலில் பிடித்தேன், இல்லை நான்தான் என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே இரண்டு கையிலும் கோலத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

"ஏளா, புரோகிராம்ல இதுக்கு எடமே இல்லயே" என்றார் கணவர்.

"கள ஆய்வுன்னா சும்மாவா" என்றேன்.

அங்கே அவள் ஒரு காகிதப் பொட்டலத்தில் சூடான உருளைக்கிழங்கு வாங்கித் தின்றாள். கடைக்காரி உப்பு போதுமா என்று கேட்டாளாம். ஆபீஸைத் தவிர வேறு இடத்தில் ஓர் ஆள் தன்னிடம் கேள்வி கேட்டு மூன்று மாதமாகிறது என்று அவள் சொன்னபோது, எனக்குக் கண் கரித்தது. துடைக்க முடியவில்லை, கையெல்லாம் மருதாணி.

ஆகவே போன் கணவரின் சட்டைப் பைக்குப் போனது, பாதித் திரையும் கேமராவும் எங்கள் பக்கம் சாய்ந்து வெளியே எட்டிப் பார்க்கும்படி. ஸ்பீக்கரை முழுக்க வைத்துக்கொண்டார். கன்னாட் பிளேஸின் வெள்ளைத் தூண் வராந்தாவில், நிழலாக ஓர் இடம் பார்த்து நின்றோம். நான் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தூக்கத்தில் நடக்கிறவள் போல நின்றேன்.

நான்காவது இடம், அங்கே அந்தக் காலத்து மாலுமிகள் குடிக்க வந்த பழைய பப், இங்கே இந்தத் தூண் வராந்தா.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டெல்லித் தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இந்த ஊரில் நம்மைச் சுற்றி ஆயிரம் பேர் இருந்தாலும் தமிழ் பேசினால் நமக்குத் தனியறை. கடைக்காரரின் மூஞ்சிக்கு நேராகவே, "பக்கத்துக் கடையில இத விடக் கம்மி, மூஞ்சியச் சுளிச்சிட்டு எந்திரிங்க" என்று பேசிக்கொள்வோம். மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தொப்பையை, தலைச் சாயத்தை, கல்யாணச் செய்தியை எல்லாம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அலசுவோம். முப்பது வருஷமாக இதைச் செய்துவருகிறோம். ஒரு தடவைகூட மாட்டியதில்லை. என் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது, ஆனால் இந்த வித்தையில் மட்டும் அவள் முதல் வகுப்பு.

பப்பில் ஒரே இரைச்சல். அவள் காதில் மாட்டியிருந்ததில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அந்த மேசையில் ஏற்கெனவே மூன்று பேர். கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆப்பிள் ஜூஸ் வந்தது. நாங்களும் பார்க்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். பார்த்தோம். அவளுக்குப் பக்கத்தில் மலை மாதிரி ஒரு ஆள். நெஞ்சு வரைக்கும் தாடி, காதில் வளையம், சட்டைக் காலருக்குள்ளிருந்து பச்சை குத்திய பாம்பு ஒன்று கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, ஒனக்கு வேற எடமே கெடைக்கலயா?" என்று ஆரம்பித்தேன். கன்னாட் பிளேஸ் வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே, கத்தித்தான் பேசினேன். "அந்தத் தாடிக்காரன் பக்கத்துலயா போய் உக்காருவ? குளிச்சி ஒரு வாரம் இருக்கும் மூதி. குருவி கூடு கட்டிருக்கும், நல்லாப் பாரு."

அவள் ஆளைப் பார்க்காமல், உதடு அசையாமல் சொன்னாள்: "கூடு இல்லம்மா. ஒரு சிப்ஸ் ஒட்டிட்டிருக்கு."

சட்டைப் பைக்கு மேலே குனிந்து கணவரும் சேர்ந்துகொண்டார். "ஆளப் பாத்தா கடத்தல்காரன் கணக்கா இருக்கான். பர்ஸப் பத்திரமா வச்சிக்கோ."

அந்த ஆள் நிதானமாகத் தாடியைத் தடவினார். சிப்ஸைக் கண்டுபிடித்தார். எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு போனுக்கு நேராகக் குனிந்தார். எங்கள் திரை முழுக்கத் தாடியாக இருந்தது.

"குளிச்சனான் அன்ரி. இண்டைக்குக் காலமைதான் குளிச்சனான்."

யாழ்ப்பாணத்துத் தமிழ். சுத்தமாக, தெளிவாக, கோபமே இல்லாமல்.

"ஐயா, பர்சுக்குப் பயப்பட வேண்டாம். என்னட்டையும் ஒண்டு இருக்கு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போனைக் கட் பண்ணித் தொலைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் மருதாணி. "கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க" என்று முழங்கையால் என் கணவர் நெஞ்சில் குத்தினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? விறைப்பாக நிமிர்ந்து நின்று, சட்டைப் பையைப் பார்த்துக் கைகூப்பி, "நமஸ்தே ஜி" என்றார். முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்காரில் இருந்தவருக்கு, மாட்டிக்கொண்டால் வாயில் வருவது இந்திதான். என் மகள் மேசைக்கு அடியில் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்தவள் குனிந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

அப்போது தாடிக்காரருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்த சிரிப்பில் சாஸ் பாட்டில் ஆடிப் போன் குப்புற விழுந்தது. அவர் மனைவியாம். போனை எடுத்து நிமிர்த்தினார். கண்ணில் நீர்.

"விடாதேங்கோ அன்ரி, இன்னும் சொல்லுங்கோ. உந்தத் தாடியை எடுங்கோ எண்டு நானும் ஒரு வருசமாச் சொல்லுறன், கேக்கிறாரில்லை."

பாம்பைப் பற்றியும் கேட்டேன், மானம் போனது போனதுதான், தெரிந்துகொண்டாவது போவோம் என்று. அந்த மனிதர் பாலர் பள்ளி வாத்தியாராம். நாலு வயசுக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவர். அந்தப் பாம்புக்குக் குழந்தைகள் பெயரே வைத்திருக்கிறார்களாம். "உங்கட மகள் கதைக்கிற தமிழ் எனக்குப் பாதிதான் விளங்குது, அன்ரி. இடையில இடையில அச்சா எண்டுறா, அது என்ன?" என்று கேட்டார். மேசைக்கு அடியிலிருந்து "ஐயோ" என்று ஒரு குரல் வந்தது.

பப்பில் யாரோ மைக்கைத் தட்டினார்கள். சனிக்கிழமைகளில் அங்கே வினாடி வினாவாம். மேசைக்கு மேசை போட்டி, அணிக்கு நாலு பேர். இந்த மேசையின் நாலாவது ஆளுக்குக் காய்ச்சல். காலியாக இருந்தது அவர் நாற்காலிதான், என் மகள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். "எங்களோட சேருறீங்களோ?" என்று அந்தப் பெண் கேட்டார்.

என் மகள் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். குல்லாய் கோணலாக இருந்தது. அவள் எங்களைப் பார்த்தாள். வழக்கமாக எதற்கும் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். அன்றைக்கு நான் இருந்த நிலையில் என் முகத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியாது.

"ம், சேர்றேன்" என்றாள்.

மைக்கில் முதல் கேள்வி வந்தது. ஏதோ ஒரு நாட்டின் தலைநகரம். கேள்வி முடிவதற்குள் என் கணவரின் சட்டைப் பையிலிருந்து பதில் அந்தப் பப் முழுக்கக் கேட்டது. மனுஷன் அந்தக் காலத்தில் எத்தனை போட்டித் தேர்வு எழுதியவர், கேள்வி காதில் விழுந்தால் சும்மா இருப்பாரா? சுற்றியிருந்த மேசைகள் எல்லாம் கூச்சல் போட்டன. மைக் பிடித்தவர் நேராக இந்த மேசைக்கு வந்து போனைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது என்னவென்றால், பட்டப்பகலில் தலையில் ஆரஞ்சுத் துணியோடு வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆளின் தாடையும், அதற்குப் பின்னால் எதையோ அப்பிய இரண்டு கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்பிள்ளையும். அவர் ஏதோ சொல்லிவிட்டுப் போனை என் மகளிடம் கொடுத்தார்.

"ம்மா, போன் கூடாதாம். ரூல்ஸ். அப்பா இன்னொரு பதில் சொன்னா எங்க டீமை வெளிய அனுப்பிருவாங்களாம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. "வைக்கட்டாம்மா?"

எங்க டீம் என்றாள். உட்கார்ந்து ஒரு கிளாஸ் ஜூஸ் முடியவில்லை, அதற்குள் எங்க டீம். வேண்டாம் மக்ளே, வைக்காதே, ஓரமா வச்சிட்டு வெளையாடு, நாங்க வாயே திறக்க மாட்டோம் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"வை" என்றேன்.

வைத்துவிட்டாள். சட்டைப் பை அமைதியாகிவிட்டது. கன்னாட் பிளேஸ் இரைச்சல் திரும்ப வந்தது. நாங்கள் இரண்டு பேரும் தூணோரம் நின்றோம்.

"இன்னும் மூணு எடம் பாக்கி இருக்கு" என்றார் அவர்.

"அவளே போகல. நாம போய் என்ன செய்ய?"

"அதும் சரிதான். சவத்த விடு."

ஆட்டோவில் வீடு திரும்பினோம். அன்று சாயங்காலம் வரைக்கும் நான் போனைக் கீழே வைக்கவில்லை. மருதாணி அப்பியது, உள்ளங்கையில் கோலமெல்லாம் கலைந்து ஒரே செம்மண். வாத்தியாரும் மனைவியும் வாசல் வரைக்கும் கொண்டுவிட்டுப் போனார்கள், போட்டியில் மூன்றாம் இடம் வந்தோம், அப்பா கத்திய பதிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தாள். கடைசியாகச் சொன்ன விஷயத்தில் என் கணவருக்கு வருத்தம். மேல்முறையீடு செய்ய வழி உண்டா என்று கேட்டுப் பதில் அனுப்பச் சொன்னார். நான் அனுப்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், யாரும் சொல்லாமலே இரண்டு பேரும் ஷூ மாட்டிக்கொண்டோம். அவர் புதிய புரோகிராம் போட்டிருந்தார், ஐந்தாவது இடத்திலிருந்து. போன் போட்டுப் பார்த்தேன். அவள் எடுக்கவில்லை. அப்புறம் ஆங்கில எழுத்தில் ஒரு வரி வந்தது: ம்மா, இன்னிக்கு க்விஸ், அப்புறம் பேசறேன். அவர் ஷூவைக் கழற்றி, அதற்கென்று நம்பர் போட்டிருந்த இடத்தில் வைத்தார். நல்ல விஷயம்தான், நல்ல விஷயம்தான் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே மோர்ச்சோறு சாப்பிட்டோம். எனக்குச் சோறு இறங்கவில்லை, சொல்வதற்கென்ன.

மாதக் கடைசி வந்தது. டிக்கெட்டைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று மணி தாண்டியிருக்கும், நான் கட்டிலில் சாய்ந்து கண்ணசந்திருந்தபோது அவளே கூப்பிட்டாள். அங்கே பத்து மணி ராத்திரி. போனில் காற்று இரைந்தது, நடக்கிற காலடிச் சத்தம் கேட்டது. வாத்தியாரின் கழுத்துப் பாம்புக்குக் குழந்தைகள் வைத்த பெயரை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னார்களாம், அதை எனக்குச் சொல்லியே ஆக வேண்டுமாம். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பெயரும் காதில் ஏறவில்லை, அந்தக் காலடிச் சத்தம்தான் கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"கூட யாருட்டி வாரா?"

"யாரும் இல்லம்மா. அவங்க வேற பக்கம் போயிட்டாங்க."

"தனியாவா நடக்க? இந்நேரத்துலயா?"

"ஆமா. ஏன்?"

ஏன் என்று கேட்டாள். என் பெண், ஏன் என்று கேட்டாள். இருட்டாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இருட்டுதான். ராத்திரின்னா இருட்டாத்தானே இருக்கும்? சரிம்மா, கை குளிருது, பாக்கெட்ல வெக்கணும். வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். வீடு வரைக்கும் லைனில் இரு என்று சொல்லவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். பக்கத்து அறையிலிருந்து என் கணவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார், பிள்ளைக்கு என்ன, பிள்ளைக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு.

"ஒண்ணுமில்லங்க" என்றேன். "ராத்திரியில தனியா நடந்து போறா. அவளுக்குப் பயமா இல்லயாம்."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.